இருபது வயது மேடு

அண்ணன் ஸ்கூட்டரை நிறுத்தியபோது காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டின் வாசலுக்குள் மட்டும் அது எட்டிப் பார்க்கவில்லை. உயரமான மதில், அதை ஒட்டிக் கிளை பரப்பி நின்ற கிழட்டு மரம், பாசி பிடித்த மாடிச் சுவர், எல்லாமாகச் சேர்ந்து அங்கே பகலிலேயே ஒரு சாயங்காலத்தை உண்டாக்கியிருந்தன.

"என்னண்ணா, பேய் வீடு மாதிரி இருக்கு?"

"உள்ள போய்ப் பாரு. ஃபைலைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கறவங்க மூஞ்சியைப் பார்த்தா பேயே காலி பண்ணிட்டுப் போயிருக்கும்." அண்ணன் அவள் தோளில் சுருண்டிருந்த துணியை நீவிவிட்டான். "என் தங்கச்சி கணக்குல புலின்னு மேனேஜர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். என் மானத்தை வாங்கிடாத பாப்பா."

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளை வளர்த்தது அவன்தான். ஆலையில் மேற்பார்வையாளர் வேலை. தன் கல்யாணப் பேச்சை எடுத்து வந்தவர்களையெல்லாம், "முதல்ல அவ ஒரு நிலைக்கு வரட்டும்" என்று வாசலோடு திருப்பி அனுப்பியவன். மாலை வகுப்பில் அவள் காப்பீட்டுக் கணக்கு படிப்பதும் அவன் தயவில்தான். இந்த வேலையும் அப்படித்தான் வந்தது.

ஒரு காலத்தில் ஆலையின் பெரிய அதிகாரி குடியிருந்த வீடு அது. இப்போது தொழிலாளர் நலநிதி அலுவலகம். கீழே மேனேஜரும் டைப்பிஸ்ட் அக்காவும். மாடி அறை காலியாகக் கிடந்தது.

"மேல ரூம் உனக்கு," என்றாள் டைப்பிஸ்ட் அக்கா, கண்ணாடிக்கு மேலாக அவளை அளந்துகொண்டே. "ஃபேன் ஓடும், ஆனா காத்து வராது. ஜன்னல் திறக்கும், ஆனா திறக்காத."

"ஏங்க்கா?"

"ஆலைப் பக்கம்மா. மூக்குள்ளவங்க திறக்க மாட்டாங்க."

"இதுக்கு முன்னாடி யாரு உட்கார்ந்திருந்தாங்க?"

"யாராவது உட்காருவாங்க. அப்புறம் கீழயே உட்கார்ந்துக்கறேன்னு இறங்கிடுவாங்க. கேட்டா வெயில்ம்பாங்க." அக்கா மெஷினில் தாளைச் செருகினாள். "அந்த ரூம்ல வெயிலே வராது."

வேலை எளிதாகத்தான் தெரிந்தது. ஆலையிலும் சுற்றியிருந்த குடியிருப்பிலும் பல வருடங்களாக நடந்த சாவுகளை வயதுவாரியாகப் பிரிக்க வேண்டும். எந்த வயதில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று ஒரு வளைவு வரைய வேண்டும். வளைவு வழுவழுப்பாக இருந்தால், மற்ற ஊர்களில் சாவதைப் போலத்தான் இங்கேயும் சாகிறார்கள் என்று பொருள். எங்காவது துருத்திக்கொண்டு நின்றால், நலநிதி ஆலைக்குள் ஆள் அனுப்பி ஏன் என்று விசாரித்தாக வேண்டும்.

மனிதர் சாவுக்கு ஒரு வடிவம் உண்டு என்று வகுப்பில் முதன்முதலாகப் பார்த்த அன்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறந்த வருடத்தில் கோடு உயரத்தில் நிற்கும். பிறகு மளமளவென்று சரிந்து, பத்து வயதருகே தரையோடு தரையாகப் படுத்துவிடும். சாவு ஆளை மறந்திருக்கும் வயது அது. அப்புறம் ஏறத் தொடங்கும். இருபதை ஒட்டி ஒரு சின்ன மேடு: வண்டியை விரட்டுவது, ஆழம் தெரியாமல் குதிப்பது, வீம்புக்குச் சண்டை போடுவது என்று அந்த வயதுக்கே உரிய சாவுகள். முப்பதைத் தாண்டினால் கோட்டுக்கு நிதானம் வந்துவிடும். ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை ஆபத்து இரட்டிக்கும். ஊர் மாறினாலும் அந்த ஏறும் வேகம் அதிகம் மாறாது. கடைசியில், தொண்ணூறும் தாண்டிய பிறகு, ஏறுவதா வேண்டாமா என்று யோசிப்பது போலக் கொஞ்சம் தயங்கும்.

"அப்போ பத்து வயசுலயே நின்னுக்கலாம்போல," என்றான் பக்கத்து பெஞ்சு ஊசி. "நம்மளை யாரு அங்கேருந்து கிளப்பிக்கிட்டு வந்தது?"

வகுப்பில் அவனை எல்லாரும் ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். அவ்வளவு ஒல்லி. காதோரம் எப்போதும் பென்சில் செருகியிருந்ததால் அவளுக்குப் பெயர் பென்சில். ஊசி அவள் அண்ணனுக்குக் கீழே ஆலையில் வேலை பார்த்தான். மூடிய இரும்புக் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் சகதி அள்ளும் வேலை. தொட்டியின் வாய் குறுகல் என்பதால் சின்ன வயது ஒல்லிகளைத்தான் இறக்குவார்கள். இடுப்பில் கயிறு கட்டியிருக்கும், மறுமுனை மேலே நிற்பவர் கையில். உள்ளே இருப்பவன் விட்டுவிட்டு இரும்புச் சுவரைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டல் கேட்டால் ஆள் நன்றாயிருக்கிறான். நின்றுவிட்டால் கயிற்றை இழுக்க வேண்டும்.

"வாடை தாங்க முடியாதே?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"அழுகின முட்டை வாடை. அது வந்துக்கிட்டிருக்கற வரைக்கும் பயமில்ல பென்சில். திடீர்னு வாடையே நின்னுடும் பாரு, அப்பதான் ஓடணும். காத்து சுத்தமாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எதைச் சொன்னாலும் சிரிப்பவன்.

அந்த ஊசி சில வாரங்களாக வகுப்புக்கு வரவில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று அண்ணன் சொன்னான். பரீட்சையை இருவரும் சேர்ந்து எழுதுவதாகப் பேச்சு. போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலியான பெஞ்சைப் பார்க்கும்போதெல்லாம், நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டானே என்று நினைத்துக்கொள்வாள். உடனே, அப்படி நினைக்க நமக்கு என்ன உரிமை என்றும் நினைத்துக்கொள்வாள்.

புள்ளிகளை எல்லாம் காகிதத்தில் வைத்து முடித்த அன்று அவள் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. அந்த வயதுகளில் மட்டும் புள்ளிகள் எகிறிப்போய் நின்றன.

எதிலும் தப்பு தன்மேல்தான் இருக்கும் என்று நினைப்பது அவள் சுபாவம். முதலிலிருந்து கூட்டினாள். வேறு பென்சிலை எடுத்து வேறு தாளில் போட்டாள். புள்ளிகள் இறங்கவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் எழுதியிருந்தார்கள், காய்ச்சல், குளத்தில் விழுந்தது, வண்டி விபத்து என்று. வருடத்துக்கு ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடந்ததால் தனித்தனியாகப் பார்த்தவர் யாருக்கும் உறுத்தியிருக்காது. எல்லா வருடங்களும் ஒரே தாளுக்கு வந்தபோதுதான் அவை தோளோடு தோள் உரசி எழுந்து நின்றன.

மேனேஜர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நல்ல மனிதர், கோபமே வராது. "இருபதுல ஒரு மேடு இருக்கும்னு நீதானம்மா சொன்னே?"

"மேடு இருக்கும் சார். இது மலை மாதிரி இருக்கு."

"நம்மது சின்ன ஊர். ரெண்டு பேர் கூடப் போனாலே கோடு துள்ளும். நீவி விடு."

நீவுவது இந்தத் தொழிலில் தப்பே இல்லை. சின்ன எண்ணிக்கையின் துள்ளலை நிஜமென்று நம்பாதே என்பதுதான் முதல் பாடம். புள்ளிகளுக்கு நடுவே ஒரு வழுவழுப்பான கோட்டை இழுத்து, அதற்கு மேலும் கீழும் சிதறுவதை எல்லாம் தற்செயல் என்று விட்டுவிட வேண்டும். கோட்டை நம்பு, புள்ளியை நம்பாதே. வகுப்பில் அதைச் சொன்னபோது அவள் அடிக்கோடிட்டு வைத்திருந்தாள்.

அன்று சாப்பிடும்போது அண்ணனிடம் கேட்டாள்.

"அந்த வயசுப் பசங்க அடங்கியா இருக்காங்க?" என்றான் தட்டைப் பார்த்தபடி. "வண்டியை எடுத்தா தலைகால் தெரியாது. மேனேஜர் சொல்ற மாதிரி செய் பாப்பா. முதல் வேலை. நல்ல பேர் எடு."

மறுநாள் மதியம், புதுத் தாளில் அவள் கோடு இழுக்க உட்கார்ந்தாள். வெளியே மேகம் கூடி, மாடி அறை குகை போல் இருண்டிருந்தது. கீழே டைப் மெஷினின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அறை மூலையில் உள்ளே ஒன்றுமில்லாத ஓர் இரும்பு அலமாரி.

பிறப்பில் தொடங்கினாள். பென்சில் முனை தாளைத் தொட்டதும் சடசடவென்று சத்தம். மழை வந்துவிட்டது என்று ஜன்னலைப் பார்த்தாள்.

மழை இல்லை.

சத்தம் அலமாரிக்குள்ளிருந்து வந்தது. நூறு சின்ன விரல்கள் ஒரே சமயத்தில் இரும்பைத் தட்டுவது போல.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி பென்சிலை நகர்த்தினாள். கோடு சரியச் சரியச் சத்தமும் குறைந்தது. ஐந்து வயதில் அங்கொன்று இங்கொன்று. பத்து வயதில் ஒன்றுமே இல்லை. டைப் மெஷினும் நின்றிருந்தது. தன் மூச்சு மட்டும் அவளுக்குக் கேட்டது.

அவள் பென்சிலைத் தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். கை தானாகப் போயிற்று.

பதினைந்து. ஒரு தட்டல்.

பதினேழு. இன்னொன்று.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வேறு யாராக இருந்தாலும் வெறும் சத்தம் என்று எழுந்து ஓடியிருப்பார்கள். அவளால் அந்த வடிவத்தைக் காதாலேயே அடையாளம் காண முடிந்தது. முதலில் கூட்டம், பிறகு சரிவு, பிறகு அமைதி, பிறகு ஏற்றம். அலமாரிக்குள் தட்டிக்கொண்டிருந்தது வளைவு.

கோடு பத்தொன்பதைத் தொட்டது.

இம்முறை விரல்களில்லை. முஷ்டிகள். அலமாரியின் கதவு உள்ளிருந்து வெளியே துருத்தித் துருத்தி அடங்கியது. அவள் இழுத்த கோடு புள்ளிகளுக்கு வெகு கீழே, பூனை நடப்பது போல் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தட்டல்கள் கோட்டின் சொல் கேட்கவில்லை. புள்ளிகளின் கணக்கில் விழுந்தன.

இருபது. இருபத்தொன்று.

அழுகிய முட்டை வாடை அறையெங்கும் பரவியது. ஜன்னல் மூடித்தான் இருந்தது. கண் எரிந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு வாடை நின்றது.

சட்டென்று, யாரோ விளக்கை அணைத்தது போல.

தட்டலும் நின்றது.

எதிர் நாற்காலியில் ஊசி உட்கார்ந்திருந்தான்.

தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. முழங்கை வரை சேறு. வேலை நடுவில் எழுந்து வந்தவன் போலிருந்தான். அவள் பயப்படவில்லை. பயப்பட வேண்டும் என்றே தோன்றவில்லை. தோன்றியது கோபம்தான்.

"வந்துட்டியா?" குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "ஒரு வார்த்தை சொல்லாம போறதுன்னா அவ்வளவு சுலபமா உனக்கு?"

"நான் எங்க போனேன்?"

"வேற ஊர்ல வேலைன்னு அண்ணன் சொன்னான்."

அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் அவள் பார்த்ததே இல்லை.

"அப்படியா சொன்னாரு," என்றான்.

தாளின் மேல் குனிந்தான். அவள் இழுத்த கோட்டை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தான், வகுப்பில் அவள் கணக்கைச் சரிபார்த்துத் தருவானே, அதே மாதிரி. இருபத்தொன்று வந்ததும் நின்றான்.

"என்னை எங்க வெக்கப் போற பென்சில்?"

அவன் விரலை இருபத்தொன்றின் மேல் வைத்தான்.

"இங்கதான வரணும் நான்? இருபத்தொண்ணு. இங்க இடமே விடலையே நீ."

"ஊசி... நீ என்ன சொல்ற?"

"கயிறு இன்னும் இடுப்புலதான் இருக்கு." அவன் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினான். "தட்டினேன். நிறைய நேரம் தட்டினேன். அப்புறம் கயித்தை நானே இழுத்துப் பார்த்தேன். சுலபமா வந்துடுச்சு. முழுசா என் மடியில வந்து விழுந்துது. அந்தப் பக்கம் யாருமே இல்ல."

"யாரு பிடிச்சிருந்தது?"

அவன் அவளையே பார்த்தான். பாவம் இவள், என்பது போல ஒரு பார்வை.

"யாருகிட்டம்மா பேசிக்கிட்டிருக்க?" என்று கீழிருந்து அக்காவின் குரல் வந்தது.

ஒரு கணம் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். நாற்காலி காலி. உட்காரும் பலகையில் கையை வைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரமில்லை. எப்போதும் போல் தூசி படிந்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணா, ஊசி எந்த ஊருக்குப் போனான்?"

"ஏன், கல்யாணத்துக்குக் கூப்பிடணுமா?" என்றான் சிரித்துக்கொண்டே. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"அன்னிக்கு அவன் கயித்தை யாரு பிடிச்சிருந்தாங்க?"

ஷூவின் மேல் ஓடிக்கொண்டிருந்த பிரஷ் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

"யாரு சொன்னா உனக்கு?"

"நீதான பிடிச்சிருந்த?"

"உள்ள வா. வாசல்ல நின்னு கத்தாத."

"நான் கத்தவே இல்லண்ணா."

அவன் பிரஷைக் கீழே வைத்தான். அந்தக் கைகளை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவளுக்குத் தலை பின்னிவிட்ட கைகள்.

"ஆபீசருங்க திடுதிப்புனு வந்துட்டாங்க பாப்பா. கேட்டுல ஜீப் நிக்குது. தொட்டிக்குள்ள ஆளை இறக்கவே கூடாதுன்னு சட்டம். மூடி திறந்து கிடந்தா என்ன நினைப்பாங்க? அஞ்சு நிமிஷத்துல போயிடுவாங்கன்னு நினைச்சேன். டீ குடிச்சுட்டுப் போறோம்னு உட்கார்ந்துட்டாங்க."

"மூடிட்டியா?"

அவன் பாலிஷ் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினான்.

"தட்டினானே அண்ணா. உனக்குக் கேட்டிருக்குமே."

"கேட்டுதுதான்!" அண்ணனின் குரல் உடைந்தது. "கேட்டுக்கிட்டே அவங்களுக்கு டீ ஊத்தினேன். போதுமா? ஒருத்தனை வெளிய எடுத்திருந்தா, முன்னாடி நடந்ததெல்லாம் சேர்ந்து வெளிய வந்திருக்கும். ஆலையை மூடிடுவாங்க. அப்புறம் நீ எங்க படிப்ப? யாருக்காக இதெல்லாம்?"

முன்னாடி நடந்ததெல்லாம். அந்த வார்த்தை அவளுக்குள் மெதுவாக இறங்கியது. எகிறி நின்ற ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒல்லிப் பையன்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு.

"அதுக்குத்தான் என்னை அங்க சேர்த்துவிட்டியா? வேற யாராவது கணக்குப் போட்டா மேடு வெளிய தெரிஞ்சுடும்னு?"

"உன்னைவிட எனக்கு நம்பிக்கையானவங்க யாரு இருக்காங்க, சொல்லு," என்றான் அண்ணன்.

அதை அன்பாகத்தான் சொன்னான். அவளால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

மறுநாள் அவள் நீவிய தாளைக் கிழித்துப் போட்டாள். புள்ளிகளை உள்ளபடியே தொட்டுக்கொண்டு, இருபதருகே செங்குத்தாக ஏறி இறங்கும் கோட்டை வரைந்து மேனேஜரின் மேஜையில் வைத்தாள். தொட்டி, மூடி, கயிறு எல்லாவற்றையும் சொன்னாள். அலமாரியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அண்ணனின் பெயரை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனாலும் சொன்னாள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது போலக்கூட அவளுக்குத் தோன்றியது. "பெரிய மனசும்மா உனக்கு. சொந்த அண்ணன்னுகூடப் பார்க்கல. இனி நான் பார்த்துக்கறேன், நீ நிம்மதியா போ."

அண்ணன் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் துணிகளை ஒரு பையில் போட்டு வாசலில் வைத்திருந்தான். டைப்பிஸ்ட் அக்காதான் தன் வீட்டு மாடி அறையைக் கொடுத்தாள். "நானும் தனிக்கட்டை. நீ ஒரு ஓரமா இருந்துட்டுப் போ. ராத்திரி குறட்டை விட்டா மட்டும் வாடகை," என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்ததும் அக்காதான்.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. ஆலைக்குள் யாரும் விசாரிக்கப் போகவில்லை. மேனேஜரிடம் கேட்டபோதெல்லாம், "மேலிடத்துல இருக்கு" என்றார், அதே கலங்கிய கண்ணோடு.

மழை விட்ட ஒரு காலையில் அலுவலக அறிவிப்புப் பலகையில் சாவுக் கணக்கின் புது வளைவு ஒட்டப்பட்டிருந்தது. அவள் கிட்டே போய்ப் பார்த்தாள்.

பிறப்பில் உயரம். பத்தில் தரை. இருபதில் எண்ணெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு போனது கோடு. மேடு இல்லை. எந்த ஊரிலும் இருக்கும் அந்தச் சின்ன மேடுகூட இல்லை.

அடியில் டைப் அடித்திருந்தது: கணக்கிட்டு வரைந்தவர். பக்கத்தில் அவள் பெயர்.

அங்கிருந்து நேரே அக்காவின் மேஜைக்குப் போனாள். எழுத்துகளைப் பார்த்ததுமே அது அக்காவின் மெஷின் என்று தெரிந்துவிட்டது. எல்லா வரியிலும் ஒரே எழுத்து கொஞ்சம் மேலே ஏறி உட்காரும் மெஷின்.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

அக்கா மெஷினிலிருந்து விரல்களை எடுக்கவில்லை. "நான் டைப் அடிக்கறவம்மா. கொடுத்ததை அடிச்சேன்."

"என் பேரை?"

"கொடுத்ததைன்னு சொன்னேனே." மெஷினைப் பார்த்தே சொன்னாள்: "எனக்கும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மெண்ட். உன் வயசு இல்ல எனக்கு."

அன்று அவள் வேலையை விட்டாள். ஆனால் தங்க வேறு இடம் கிடைக்கும்வரை அதே அக்காவின் மாடி அறையில்தான் படுத்தாக வேண்டியிருந்தது. முதுகில் குத்தியவர்களின் கூரைக்குக் கீழே படுப்பதற்கும் மனிதர்கள் பழகிக்கொள்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு காலை, நல்ல வெளிச்சத்தில், அண்ணன் மாடியேறி வந்தான். அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்திருந்தது. சட்டைப் பொத்தான்களைப் போடாமலே வந்திருந்தான்.

"வீட்டுச் சாவி இன்னும் உன்கிட்ட இருக்கா?"

"நீதான பிடுங்கிக்கிட்ட?"

"அப்போ நீ வரல்ல?"

"எங்க?"

அவன் உட்காரவில்லை. நின்றபடியே பேசினான். "எதையும் மூட முடியல பாப்பா. சோத்துப் பானை, தண்ணி டிரம், பீரோ, பெட்டி, எதை மூடினாலும் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள திறந்து கிடக்கு. முதல்ல நீதான் வந்து என்னைப் பழி வாங்கறேன்னு நினைச்சேன். டிரம் மேல அம்மிக்கல்லைத் தூக்கி வெச்சேன். கண்ணெதிர்ல, கல்லோட சேர்ந்து மூடி நகருது. சத்தமே இல்ல. நகர்றது மட்டும்தான் தெரியுது."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழ வேண்டும் போலிருந்தது. யாருக்காக என்று தெரியவில்லை.

"சட்டைகூட மாட்ட முடியல. பொத்தான் போட்டா கழண்டுக்குது." அவன் குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. "எல்லாம்தான் முடிஞ்சுடுச்சே. போர்டுல போட்டுட்டாங்களே. இன்னும் என்ன வேணுமாம் அவனுக்கு?"

"அதை அவன்கிட்டயே கேளு."

"உன்கிட்ட பேசுவான்னு எனக்குத் தெரியும். ஒரு தடவை சொல்லேன் பாப்பா. அண்ணனுக்காக."

அவள் தலையை அசைத்தாள், முடியாது என்று. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான். தெருக் கதவை அவன் சாத்திவிட்டுப் போகும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது கேட்கவே இல்லை.

இவ்வளவு நாளில் முதல்தடவையாக அவளுக்கு ஒரு சின்ன நிம்மதி வந்தது. தேடி வந்தவன் சரியான வீட்டுக்குத்தான் போயிருக்கிறான். தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் குடிக்க மூலைக்குப் போனாள்.

பானையின் மூடி தரையில் கிடந்தது.

காலையில் தண்ணீர் நிரப்பி அவள்தான் மூடி வைத்திருந்தாள்.

நானே மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். மூடியை எடுத்துத் துடைத்து, பானையின் வாயில் பொருத்தி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள்.

"நான் உள்ளதைத்தான வரைஞ்சு கொடுத்தேன்," என்று கிசுகிசுத்தாள். "மாத்தினது அவங்க. நான் இல்ல."

ஜன்னல் வழியாகக் காலை வெயில் அவள் புறங்கையில் விழுந்திருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கீழே அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அறிவிப்புப் பலகையில் அவள் பெயர்தான் இருந்தது.

உள்ளங்கைக்கு அடியில் ஏதோ முட்டியது. மூர்க்கமாக இல்லை. மூச்சு வாங்க இடம் தேடி, உச்சந்தலையால் மெதுவாக, மீண்டும் மெதுவாக.

அவள் கையை எடுத்தாள்.

மூடி ஓரமாக நகர்ந்து வழிவிட்டது. உள்ளே தண்ணீர் துளிகூட அசையவில்லை.